கனரக வாகனம், இன்ஜின் இல்லை

விஸ்டின் அந்தப் படிவத்தை நிரப்பியது ஒரு ஜூலை மாதக் காலையில், காரின் ஸ்டீயரிங் மேல் வைத்து. காரில் போய்க்கொண்டுதான் இருந்தான், ஆனால் நெரிசலில் கார் நகரவில்லை. மால்டாவில் பாதிப் பேர் சவரம் செய்வதும் மாமியாரோடு சண்டை பிடிப்பதும் இந்த நேரத்தில்தான். ஹால் பசால் ஊர்த் திருவிழாக் குழுவுக்கு அவன் செயலாளன். ஊர்ப் புனிதர் சான் ரொக்குவின் சிலைப் பவனிக்கு ஆண்டுதோறும் அனுமதி வாங்குவது அவன் வேலை. முன்பெல்லாம் காவல் நிலையத்தில் ஒரு கடிதத்தை நீட்டினால் முடிந்தது. இந்த வருடம் போக்குவரத்து அலுவலகம் புதிதாக நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது.

முதல் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். சாலையைப் பயன்படுத்தப்போவது வாகனமா, பாதசாரியா?

விஸ்டின் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். பாதசாரி என்று போடக் கை வரவில்லை. ஹால் பசாலில் ஒருவன் நடந்து போனால், குடித்துவிட்டு லைசென்ஸைப் பறிகொடுத்தவனாக இருப்பான், இல்லையென்றால் வழி தவறிய சுற்றுலாக்காரன். அடுத்த தெரு ரொட்டிக் கடைக்கு நடந்து போனால்கூட எதிரே வருகிறவன் கண்ணாடியை இறக்கி, "என்னப்பா, வீட்ல ஏதும் கஷ்டமா?" என்று விசாரிப்பான். ஊரைக் காக்கிற புனிதரை, கொள்ளைநோயையே விரட்டியவரை, அந்தப் பட்டியலில் சேர்ப்பதா? உயிரோடிருந்த காலத்தில் சான் ரொக்கு ரோமாபுரி வரைக்கும் கால்நடையாகவே போனவர், சிலையின் கையில் இருக்கும் கோலே நடைக்கோல்தான். இதெல்லாம் விஸ்டினுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. 'வாகனம்' என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டான்.

அதற்குக் கீழே என்ன வகை என்று கேட்டிருந்தது. பட்டியலின் கடைசியில் 'கனரக வாகனம், இன்ஜின் இல்லை' என்று இருந்தது. எடை அரை டன் என்று எழுதினான். பயணிகள்: புனிதர் ஒருவர், அவர் காலடியில் நாய் ஒன்று. ஓட்டுநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதும்போது நெஞ்சு விம்மியது.

விம்மாமல் என்ன செய்யும்? சான் ரொக்குவைத் தோளில் சுமக்க எட்டுப் பேருக்குத்தான் இடம். ஊரில் நானூறு ஆண்கள் அதற்கு அலைகிறார்கள். குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஐம்பத்தைந்து வயது ஆகிவிட்டால் சீட்டே போட விடமாட்டார்கள். விஸ்டினுக்கு ஐம்பத்து நாலு. இருபத்தாறு வருடம் சீட்டுப் போட்டு, கடைசி வருடம் விழுந்தது. அதுவும் முன்வரிசைக் கம்பு.

கூடவே ஒரு நேர்ச்சையும் இருந்தது. ஜனவரி மாதம் அவன் மனைவி சல்வீனா மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். புது மூட்டு வைத்தார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று விஸ்டின் வேண்டிக்கொண்டான்: 'சான் ரொக்கு, அவளைப் பிழைக்க வை. உன்னை என் தோளில் சுமந்துவந்து அவள் பால்கனிக்குக் கீழே நிறுத்துகிறேன். அவள் உன் முகத்தைப் பார்க்கட்டும்.' சிலையில் சான் ரொக்கு அங்கியைத் தூக்கித் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பவர். இடுப்பு வலி என்றால் அவருக்குச் சொல்லாமலே புரியும் என்று நம்பினான். அடுத்த மாதமே குலுக்கலில் பெயர் விழுந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

சல்வீனா பிழைத்தாள், எழுந்தாள், சமையலறைக்கும் கூடத்துக்கும் கோலை ஊன்றி நடந்தாள். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. ஏப்ரலில் ஒரே ஒரு நாள் தெருவில் இறங்கிப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். "என்ன சல்வி?" என்று கேட்டான். "போதும் சாமி" என்றாள். அன்று முதல் பால்கனி நாற்காலிதான் அவள் உலகம். காலில் தெம்பு இல்லை, பாவம் என்று விஸ்டின் முடிவு கட்டிவிட்டான். மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் நாலாம் தேதி அனுமதிக் கடிதம் வந்தது. திருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பின்னால் இணைத்திருந்த வரைபடத்தைப் பார்த்த விஸ்டின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மே மாதத்தில்தான் ஊரின் தெருக்களையெல்லாம் ஒருவழிப் பாதை ஆக்கியிருந்தார்கள். தேவாலயச் சதுக்கத்திலிருந்து நாலு தெருக்கள் பிரிகின்றன. அதில் மூன்று வெளியே போகும். நாலாவதான சான் ரொக்கு தெரு மட்டும் மேட்டிலிருந்து சதுக்கத்துக்கு இறங்கி வரும். விஸ்டினின் வீடு அந்தத் தெருவின் நடுவில். வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு நூற்றெண்பது தப்படி. திரும்பி வர, சட்டப்படி, ஏழு கிலோமீட்டர். ஊரைவிட்டு வெளியேறி, புறவழிச் சாலையைப் பிடித்து, சுரங்கப்பாதையில் நுழைந்து, பெரிய ரவுண்டானாவைச் சுற்றி, மேட்டுப் பக்கமாக வந்து இறங்க வேண்டும். யார் அப்படிச் சட்டப்படி போனார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வரைபடத்தில் சான் ரொக்குவுக்கும் அதே ஏழு கிலோமீட்டரைச் சிவப்பு மையில் போட்டிருந்தார்கள். நிபந்தனைகளும் இருந்தன: இடது ஓரமாகச் செல்லவும். பின்புறம் சிவப்பு முக்கோணம் பொருத்தவும். நம்பர் பலகையும் காப்பீடும் கட்டாயம்.

மறுநாள் விஸ்டின் அலுவலகத்துக்குப் போனான். பதினொரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம், நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம். மார்விக் என்ற பெண் கவுன்டரில் இருந்தாள். நல்ல பெண். அப்படிப்பட்டவர்களோடு சண்டை போடவும் முடியாது.

"இதுல தப்பு ஒண்ணுமில்லையே சார். வாகனம்னு நீங்கதான் போட்டிருக்கீங்க."

"அது வாகனம் இல்லம்மா. சிலை. நாங்க எட்டுப் பேரு தோள்ல தூக்கிட்டுப் போறோம்."

அவள் கணினியைப் பார்த்தாள். "அதான் இன்ஜின் இல்லைன்னு இருக்கு. சரியாத்தானே இருக்கு?"

"பாதசாரின்னு மாத்திக் குடுத்துடும்மா, புண்ணியமாப் போகும்."

"வாகனம்னு ஒரு தடவை பதிவாயிட்டா பாதசாரி ஆக முடியாது சார். வேணும்னா ரத்து பண்ணலாம்."

"பண்ணிடு."

"அப்ப பழைய இரும்புக் கடையில இருந்து சான்றிதழ் வேணும். நசுக்கியாச்சுன்னு."

"எதை நசுக்கணும்?"

"வாகனத்தை."

விஸ்டின் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டான். மார்விக்கும் என்ன சொன்னோம் என்று உறைத்து, தானும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

"இல்லைன்னா புதுசா விண்ணப்பம் போடுங்க. இருபத்தெட்டு வேலை நாள் ஆகும்."

"பதினாறாந்தேதி திருநாள்மா!"

"அப்படின்னா, அடுத்த வருஷத்துக்கு இப்பவே போட்டு வச்சிடுங்க" என்று அக்கறையோடு சொன்னவள், குரலைத் தாழ்த்தினாள். "சார், ஒண்ணு சொல்றேன். ஓட்டுநர்னு உங்க பேர் இருக்கு. உங்க லைசென்ஸ்ல ஏற்கெனவே பத்துப் புள்ளி ஏறியிருக்கு. ஒருவழியில எதிர்த்துப் போனா ரெண்டு. பன்னெண்டானா லைசென்ஸ் போயிடும். பாத்துப் போங்க."

அன்று மாலை திருவிழாக் குழுவின் மன்றத்தில் கூடினார்கள். குழுத் தலைவன் லேலிக்கு டிங்கரிங் பட்டறை சொந்தமாக இருக்கிறது. பின்வரிசைக் கம்பு அவனுக்கு விழுந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏன்டா, பக்கத்துலயே பாதசாரின்னு கட்டம் இருந்துச்சுல்ல? கண்ணு எங்கடா போச்சு?"

"நீயா இருந்தா போட்டிருப்பியா? சான் ரொக்குவைப் பாதசாரின்னு?"

லேலியும் சுற்றி நின்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். ஒருவனும் போட்டிருக்கமாட்டான்.

பங்குச் சாமியார் துன் மார்செல் வரைபடத்தைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்து ஆராய்ந்தார். "சுரங்கத்துல புனிதரோட ஒளிவட்டம் இடிக்குமா? அத மட்டும் சொல்லுங்க."

"இடிக்காது துன் மார்செல். ஆனா அரை டன்னைத் தூக்கிட்டு ஏழு கிலோமீட்டர் போனா நாங்க இடிச்சு விழுந்துடுவோம்" என்றான் லேலி. "என்கிட்ட வண்டி இழுக்கிற லாரி இருக்கு. பட்டு விரிச்சு ஏத்திடுவோம். இருபது நிமிஷத்துல சுத்தி வந்துடலாம்."

"லாரியிலயா? பழுதான காரை ஏத்துற மாதிரியா?" விஸ்டினுக்குக் குரல் உடைந்தது. "என் நேர்ச்சை தோள்லடா. சல்வீனா வீட்டுக்கு முன்னாடி நிறுத்தறேன்னு சொல்லியிருக்கேன். லாரி நிக்குமா? பின்னாடி ஊரே ஹார்ன் அடிக்கும்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெருமுனை வரைக்கும் தோளில் கொண்டுபோவது, அங்கே காவலுக்கு நிற்கும் போலீஸ்காரனிடம் கெஞ்சிப் பார்ப்பது, விடமாட்டேன் என்றால் லாரி. விஸ்டினுக்கு அந்தத் தெருமுனையைத் தாண்டினால் போதும். நேர்ச்சை நிறைவேறிவிடும்.

வீட்டில் சல்வீனாவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

"சாமிக்கே லைசென்ஸா! ஏ விஸ்டின், உன்னைக் கட்டிக்கிட்டு முப்பது வருஷத்துல இப்பத்தான் நான் நல்லா சிரிக்கிறேன்."

"சிரிக்காத சல்வி. உன்னை அவர் முகத்தைப் பாக்க வைக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "வருவாரா?"

"வருவாரு."

"வரலைன்னா சுரங்கத்துல இருமிட்டு இருக்காருன்னு நெனச்சுக்கறேன்" என்றாள். ஆனால் திருநாளன்று பகல் இரண்டு மணிக்கே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ஏழு மணிக்கு வெயில் இன்னும் சுவர்களில் இருந்தது. வெடிகள் வானத்தில் பிளந்தன. எட்டுப் பேரும் வெள்ளை அங்கி அணிந்து கம்புக்குள் தோளைக் கொடுத்தார்கள். சான் ரொக்கு தேவாலய வாசலில் தோன்றியபோது கூட்டம் ஆர்ப்பரித்தது, பிறகு சற்றுக் குழம்பியது. புனிதரின் முதுகில் சிவப்பு முக்கோணம். காலடியில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு நிற்கும் நாயின் கழுத்தில், லேலியின் பட்டறையிலிருந்து வந்த தற்காலிக நம்பர் பலகை. துன் மார்செல் ஜெபப் புத்தகத்துக்குள் காப்பீட்டுச் சான்றிதழைச் செருகி வைத்திருந்தார்.

"இன்ஷூரன்ஸ் முழுசாவா, மூணாம் நபருக்கு மட்டுமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"மூணாம் நபர் நீதான்டா, தள்ளி நில்லு!" என்றான் லேலி.

சதுக்கத்தைச் சுற்றிவிட்டுச் சான் ரொக்கு தெருவின் முனைக்கு வந்தார்கள். நுழைவு இல்லை என்ற வட்டப் பலகைக்குக் கீழே கான்ஸ்டபிள் கிளேட்டன் நின்றான். இருபத்தாறு வயது, லேலியின் அக்கா மகன். கையில் அனுமதிக் கடிதத்தின் நகல். அவனுக்குப் பின்னால் தெரு மேலேறிப் போயிற்று. பவனியின் கடைசிப் பகுதி மேட்டிலிருந்து இறங்கி அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்பதால், நின்ற கார்களையெல்லாம் காலையிலேயே அப்புறப்படுத்தியிருந்தார்கள். விஸ்டினுக்கு அங்கிருந்தே பால்கனி தெரிந்தது. ஒரு வெள்ளைக் கைக்குட்டை அசைந்தது.

"மாமா, என்னை வம்புல மாட்டி விடாதீங்க" என்றான் கிளேட்டன். "இது வாகனம். இந்தப் பக்கம் போகக் கூடாது."

"டேய், உனக்கு ஞானஸ்நானத்துக்குக் கேக் வாங்குனது நான்டா" என்றான் லேலி பின்னாலிருந்து.

"நன்றி மாமா. ஆனா இன்ஸ்பெக்டர் சதுக்கத்துலதான் நிக்கிறாரு. நான் எழுதலைன்னா அவர் என்னை எழுதுவாரு. ஓட்டுநர் யாரு? விஸ்டின் அண்ணனா? அண்ணே, உங்களுக்குப் பத்துப் புள்ளி இருக்கு."

"ஊருக்கே தெரியுமாடா அது?" என்று முனகினான் விஸ்டின். அரை டன் தோளில் அழுத்தியது. வியர்வை கண்ணில் இறங்கியது. தேவாலயத்துக்குப் பின்னால் லேலியின் லாரி உறுமத் தொடங்கிய சத்தம் கேட்டது. லைசென்ஸ் போனால் சல்வீனாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது? லைசென்ஸைக் காப்பாற்றினால் நேர்ச்சை போகும். ஏழு மாதமாகக் காத்திருந்த நூற்றெண்பது தப்படி கண்ணெதிரே கிடந்தது. அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்தது. பேரீச்சம்பழப் பலகாரம் பொரித்து விற்கிறவனின் வேன். "வழி, வழி! எண்ணெய் காயுது!" என்று கத்திக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் வேனை லாகவமாகத் திருப்பி, பின்பக்கமாகவே தெருவுக்குள் ஏற்றினான். கிளேட்டன் பழக்கதோஷத்தில் கையைக் காட்டி வழிவிட்டான். வேன் சர்ரென்று பின்னாலேயே மேட்டில் ஏறிப் போய், மேலே நின்றது.

எல்லாத் தலைகளும் வேனின் பக்கம் திரும்பின. மேளக்காரன்கூட அடிப்பதை நிறுத்தினான்.

"கிளேட்டன்" என்றான் விஸ்டின் மெதுவாக. "அவன் மட்டும் எப்படிப் போறான்?"

"அவன் ரிவர்ஸ்ல போறான் அண்ணே. முகம் சரியான பக்கம்தானே பாத்துட்டு இருக்கு. அது எதிர்த்துப் போறதாகாது." சொல்லும்போதே கிளேட்டனுக்குப் பேச்சு இழுத்தது. அவன் தன் வீட்டுக்குப் போவதும் அப்படித்தான். இன்ஸ்பெக்டர் போவதும் அப்படித்தான். மே மாதத்திலிருந்து மொத்த ஊரும் பின்பக்கமாகவே வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

லேலி பின்கம்பிலிருந்து கத்தினான். "சாமியைத் திருப்புங்கடா!"

துன் மார்செல் பதறினார். "ஐயையோ, புனிதரை ஜனங்களுக்கு முதுகைக் காட்ட வைக்கிறதா?"

"ஜனங்களைப் பார்த்துக்கிட்டேதான் போவாரு துன் மார்செல். போற பக்கத்துக்குத்தான் முதுகு."

துன் மார்செல் யோசித்தார். வேதசாஸ்திரத்தில் இதற்குத் தடை எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. "மெதுவா" என்று மட்டும் சொன்னார்.

இனி ஊரைக் கேட்க வேண்டுமா? வண்டியைப் பின்னால் எடுக்க வழி சொல்வதில் ஹால் பசால்காரர்களுக்கு நிகர் கிடையாது. இருநூறு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. "லெஃப்ட்ல ஒடி… வரட்டும், வரட்டும்… நேராக்கு… நாய் வாலு சுவர்ல உரசுது, கொஞ்சம் முன்ன போ… இப்ப வரட்டும்!" அரை டன் புனிதர் அசைந்து அசைந்து திரும்பி, தேவாலயத்தைப் பார்த்த முகமாகத் தெருவாயில் பொருந்தி நின்றார். கிளேட்டன் விசிலை வாயில் வைத்தவன், எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"அண்ணே, கனரக வாகனம் ரிவர்ஸ் போனா பீப் சத்தம் வரணும்."

கிளாரினெட்காரன் முன்னால் வந்தான். பீப்… பீப்… பீப்… ஒரே சுருதியில், ஒரு சங்கதியும் போடாமல் ஊதினான். எட்டுப் பேரும் முதல் அடியைப் பின்னால் எடுத்து வைத்தார்கள்.

பின்னால் நடந்து மேடேறுவது எப்படி இருக்கும் என்று விஸ்டினுக்கு அதுவரை தெரியாது. குதிகால் கல்லைத் தேடியது. முன்வரிசைக்காரன் இப்போது கடைசி ஆள். போகிற இடம் தெரியவில்லை, விட்டு வந்த இடம்தான் தெரிந்தது. வழிகாட்ட வேண்டிய லேலிக்கும் முதுகுப் பக்கம் கண் இல்லை. பால்கனிகளிலிருந்து பெண்கள் கத்தித்தான் வழி சொன்னார்கள். விஸ்டின் தப்படிகளை எண்ணிக்கொண்டு வந்தான். எழுபதாவது தப்படியில்தான் அது உறைத்தது. சல்வீனா மேலே இருக்கிறாள். அவளை நோக்கி வந்துகொண்டிருப்பது சான் ரொக்குவின் முதுகு. ஏழு மாதம் காத்திருந்தவளுக்கு, சிவப்பு முக்கோணம் தொங்கும் ஒரு முதுகு.

'முகத்தைப் பார்க்கட்டும் என்றுதானே சொன்னேன்' என்று தனக்குள் புலம்பினான். திரும்பிச் சொல்லவும் வழியில்லை. கழுத்தை அசைத்தால் கம்பு நழுவும்.

நூற்றெண்பது. வீட்டுச் சுவரின் பச்சைக் குழாய் ஓரக்கண்ணில் பட்டது. இன்னும் நாலு அடி பின்னால் போனதும் பால்கனி அவன் பார்வைக்குள் வந்தது. நாற்காலி இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் வெள்ளைக் கைக்குட்டை கிடந்தது. சல்வீனா இல்லை.

கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பீப் பீப் என்று ஊதிக்கொண்டிருந்தவனைப் பிடித்து அறையலாம் போலிருந்தது. தன்னை யார் அறைவது? ஒரு கட்டத்தில் போட வேண்டிய டிக்கை இன்னொரு கட்டத்தில் போட்டு, ஒரு புனிதரைத் திருப்பி, மனைவியின் மனதையும் முறித்தாகிவிட்டது.

அப்போது கீழே வாசல் கதவு திறந்தது.

சல்வீனா நின்றாள். மேலே நல்ல உடை, காலில் வீட்டுச் செருப்பு, கையில் கோல். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளைக் கடந்து மேலே வந்துவிட்ட சான் ரொக்கு, இப்போது நேருக்கு நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு அடுத்ததை. தெருவுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"அற்புதம்!" என்று ஒரு பெண் அலறினாள். "சல்வீனா எழுந்துட்டா! சான் ரொக்கு எழுப்பிட்டாரு!" கிளாரினெட் நின்றது. துன் மார்செல் காப்பீட்டுச் சான்றிதழோடு முழங்காலில் விழுந்தார். எதிர்வீட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"அட வாயை மூடுங்க எல்லாரும்!" என்றாள் சல்வீனா. "என்ன அற்புதம்? மார்ச் மாசத்துல இருந்து நட, நடன்னுதான் டாக்டர் சொல்றான். எங்க நடக்கறது? நடைபாதையில உங்க காரு. ரோட்டுலயும் உங்க காரு. ஏப்ரல்ல ஒரு நாள் இறங்கினேன். முன்னாடி வந்தவன் கண்ணாடியால கையை உரசிட்டுப் போனான், பின்னாடி வந்தவன் 'வீட்டுல கார் இல்லையா'ன்னு கேட்டான். இந்தத் தெருவுல தரையையே நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அவளை உரசிப் போனவனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பான். விஸ்டின் கம்புக்கு அடியில் குறுகினான். நாலு மாதமாக அவளுக்குக் காலில் தெம்பில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன்தான். அவளைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே சமயம் அவள் கோலை ஊன்றி, சான் ரொக்குவின் முகத்தைப் பார்த்தபடி, அவனை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தபோது, கல்யாணத்தன்றுகூட இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை என்று தோன்றியது.

"ஊதுடா" என்றான் கிளாரினெட்காரனிடம்.

பீப்… பீப்… எட்டுப் பேரும் பின்னால் போனார்கள். சல்வீனா முன்னால் வந்தாள். இடைவெளி குறையவில்லை, கூடவும் இல்லை. பத்து அடி. இருபது அடி. அவள் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண் சான் ரொக்குவை விட்டு அசையவில்லை.

"விஸ்டின்" என்று பின்னாலிருந்து லேலியின் குரல் திணறியது. "தோளு கழண்டுடுச்சுடா. கவைக்கோலைக் குடுக்கச் சொல்லு, இறக்கி வைப்போம். வழக்கமா நிறுத்துற இடம் வந்துடுச்சு."

"இறக்காத."

"டேய், சத்தியமா செத்துடுவேன்."

"இறக்காத லேலி. நாம நின்னா அவளும் நின்னுடுவா."

லேலி வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை முனகினான், புனிதர் மன்னிக்கட்டும். பிறகு கம்பு மறுபடியும் உயர்ந்தது. அறுபது அடி. எழுபது. பலகாரக்காரன் எண்ணெய்ச் சட்டியை அடுப்போடு ஒதுக்கி வைத்துவிட்டு வேனை ஓரம் கட்டினான். வழக்கமாகத் திரும்பும் இடத்தைத் தாண்டினார்கள். கடைசி வீட்டையும் தாண்டினார்கள். விஸ்டினின் முதுகுக்குப் பின்னால் மெயின் ரோட்டு வண்டிகளின் இரைச்சல் நெருங்கி வந்தது.

"எதுவரைக்கும்டா போறது?" என்றான் லேலி.

விஸ்டின் சல்வீனாவைப் பார்த்தான். அவள் நிற்கிற மாதிரி தெரியவில்லை.

கிளேட்டன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெயின் ரோட்டை மறிப்பதற்காக மேட்டை நோக்கி ஓடினான்.